பனி ஊரில் சாமான் எண்ணும் கண்

மார்ச் மாதக் கடைசி. இந்நேரம் சென்னையில் அம்மா மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருப்பாள். நானோ சப்போரோவில், என் உயரத்துக்கு ஒதுக்கிவைத்த பனிக்குவியல் ஒன்றின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயிலிருந்து வெள்ளைப்புகை கிளம்புவதை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தலைநகரம் இது. ஒரு குளிர்காலத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் பனி கொட்டும் இந்த ஊரில் 20 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள்! தெருக்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. வடக்கு இத்தனை, மேற்கு இத்தனை என்று கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைப்பதைப் போலத்தான் முகவரி. காற்றில் ஒரு வாசனை. எங்கேயோ பழகியது என்று மூக்கு தேடி, கடைசியில் பிடித்துவிட்டது: மண்ணெண்ணெய்! ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே ஒரு தொட்டி, உள்ளே எரியும் கணப்புக்குக் குழாய். சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்ற வாசனை, பூமியின் மறுமூலையில், பனிக்கு நடுவே.

தங்கை வீடு மாறுகிறாள். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ச்சி முடிந்து, டோக்கியோவுக்கு வடகிழக்கே ட்சுகுபா என்னும் விஞ்ஞான நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒத்தாசைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் மட்டுமல்ல, நாடே வீடு மாறுகிறது. இங்கே பள்ளி, கல்லூரி, அலுவலகம், அரசாங்கக் கணக்கு எல்லாமே ஏப்ரல் 1-ல் புதிதாகத் தொடங்குகின்றன. ஆகவே ஆண்டின் மொத்த இடமாற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மார்ச், ஏப்ரல் இரண்டே மாதங்களுக்குள் நெருக்கியடிக்கும். 2018 வசந்தத்தில் லாரியும் ஆளும் கிடைக்காமல் தவித்தவர்களைப் பத்திரிகைகள் 'குடிமாற்ற அகதிகள்' என்றே எழுதின. அதற்கு மேல் 2024 ஏப்ரலிலிருந்து லாரி ஓட்டுநர்களின் கூடுதல் வேலை ஆண்டுக்கு 960 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஓட்டுநர் உடம்புக்கு நல்ல சட்டம். ஆனால் லாரியில் ஒரு முழம் இடம்கூட இனி வீணாகக் கூடாது.

நாள் குறிப்பதிலேயே எனக்கு முதல் ஆச்சரியம் காத்திருந்தது. ஆடியில் நாம் வீடு மாற்ற மாட்டோம், அஷ்டமி நவமியில் பால் காய்ச்ச மாட்டோம். இதெல்லாம் நமக்கே உரியது என்று நினைத்திருந்தேன். ஜப்பானியக் காலண்டரிலும் ஆறு நாள் சுற்று ஒன்று ஓடுகிறது! 'தையான்' என்றால் எல்லாவற்றுக்கும் உகந்த நாள், 'புத்சுமெத்சு' என்றால் தவிர்க்க வேண்டிய நாள். அந்த ஆகாத நாளில் மாறுகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. தங்கைக்குக் கிடைத்தது அந்த நாள்தான். சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னதும் அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நமக்கு அன்னிக்கு நல்ல நாள்தான்டி. தைரியமா மாறுங்க."

இனி சாமான் கணக்கு. நம் ஊரில் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் வருவார், வாசலில் நின்றபடி கூடத்தை ஒரு நோட்டம் விடுவார், "ஒரு குட்டி யானை போதும்மா" என்பார். அன்றைக்கு இரண்டாவது நடை அடிக்கும்போது குட்டி யானை போதவில்லை என்று தெரியும். இங்கே யாரும் வரவில்லை. நிறுவனத்திலிருந்து தங்கையின் போனுக்கு ஓர் இணைப்பு வந்தது. அதைத் திறந்து, வீட்டை அறை அறையாக, மெதுவாக, கேமராவில் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான்! அந்த வேலையைத் தங்கையின் மகள் பிடுங்கிக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, போனை இரண்டு கையாலும் ஏந்தி, சாமி புறப்பாட்டில் தீபம் தூக்குகிற பவ்யத்தோடு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். திரையில் சோபாவைச் சுற்றி ஒரு கட்டம் எழுந்தது. மேசை, நாற்காலி, குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கட்டம், பக்கத்தில் பெயர், கீழே கன மீட்டர் கணக்கு. "பெரியம்மா, என் பொம்மைக் கரடியைக்கூடக் கண்டுபிடிச்சிடுச்சு!" என்று குதித்தாள். எனக்குமே குதிக்கலாம் போலத்தான் இருந்தது. ஒரு சோபா எவ்வளவு இடம் அடைக்கும் என்று ஒரு கண்ணாடிச் சில்லு கணித்துச் சொல்கிறதே!

எப்படி முடிகிறது என்று மாப்பிள்ளையைக் குடைந்தேன். கணினித் துறைக்காரர், பொறுமையாகச் சொன்னார். ஆயிரக்கணக்கான வீடுகளின் படங்களில் இது நாற்காலி, இது கட்டில் என்று மனிதர்கள் கோடு போட்டுக் குறித்துத் தருகிறார்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நாற்காலியை நாற்காலியாக்கும் அம்சங்களை இயந்திரம் தானே பிடித்துக்கொள்கிறது. அதோடு எவ்வளவு நிச்சயம் என்று ஒரு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் வழக்கமான அளவுகள் பட்டியலில் இருக்கின்றன. ஆழம் அளக்கும் உணரி உள்ள போனாக இருந்தால் நேரடியாகவே அளந்துவிடும். ஒரே மேசையை வாசல் பக்கமிருந்தும் ஜன்னல் பக்கமிருந்தும் காட்டினால் அது ஒன்றுதான் என்று புரிந்துகொள்வதுதான் இதில் பெரிய வித்தை என்றார். சொல்லி முடிக்கவில்லை, நிலைக்கண்ணாடிக்குள் தெரிந்த நாற்காலியையும் அது சேர்த்து எண்ணியிருப்பதைத் தங்கை கண்டுபிடித்து அழித்தாள்.

பூஜை அலமாரிக்கு வந்தோம். பாட்டி கொடுத்த குத்துவிளக்கின் மேல் கட்டம் எழுந்தது. பெயர்: 'தரையில் நிற்கும் விளக்கு'. விளக்கு என்று கண்டுகொண்டதே பெரிய விஷயம்! ஆனால் ஆளுயர மின்விளக்கின் அளவையும் அதன் தலையில் கட்டிவிட்டது. சமையலறையில்தான் நிஜமாகவே திணறியது. கோயம்புத்தூரிலிருந்து விமானமேறி வந்த டேபிள்டாப் கிரைண்டர் அங்கே இருக்கிறது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட் என்பதால் அதற்கென்றே ஒரு டிரான்ஸ்பார்மர், கீழே, இரும்புக் குண்டாக. கிரைண்டரைத் திரை 'சோறு வடிக்கும் குக்கர்' என்றது. டிரான்ஸ்பார்மரை 'ஒலிபெருக்கி' என்றது. இட்லிப் பானையைச் சுற்றிக் கட்டமே எழவில்லை. கல் உருளைகளோடு பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள கிரைண்டர், அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் குக்கரின் எடையில் உட்கார்ந்திருந்தது.

அன்றிரவு இதைப் பற்றியே பேசினோம். கணினிக்குப் பொருள்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க உலகமெங்கும் பயன்பட்ட படத்தொகுப்பு ஒன்று உண்டு, பெயர் 'கோகோ', 2014-ல் வெளிவந்தது. அதில் 80 வகைப் பொருள்கள். சோபா உண்டு, டோஸ்டர் உண்டு, முடி உலர்த்தி உண்டு, பனிச்சறுக்குப் பலகை உண்டு, பொம்மைக் கரடிக்கே தனி வகை உண்டு. கிரைண்டர் இல்லை, குத்துவிளக்கு இல்லை. இந்த நிறுவனத்தின் செயலி வேறு படங்களையும் சேர்த்துத்தான் கற்றிருக்கும். ஆனாலும் எந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்ததோ அந்த வீடுகளின் சாமான்களைத்தான் அதற்குத் தெரியும். எனக்கு மனசு கொஞ்சம் வலித்தது, உண்மை. நம் வீடுகளில் தினம் விடியலில் சுற்றுகிற ஒரு கல், உலகத்தின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

பட்டியல் துல்லியமாக இருக்க வேண்டிய அவசியம் இந்த ஊரில் அதிகம். ஹொக்கைடோ தீவு. சாமான் கடலைத் தாண்ட வேண்டும். தங்கை எடுத்தது ரயில் சரக்குப்பெட்டி, 12 அடி நீளம், 5 டன், உள்ளே சுமார் 18 கன மீட்டர் இடம். இதே மாதிரிப் பெட்டிகளில்தான் ஹொக்கைடோவின் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தெற்கே போகின்றன. ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டால் ஒரு விலை. அலமாரி ஒன்று வெளியே நின்றுவிட்டால் இன்னொரு பெட்டி. முதல் கணக்கில் அடங்கிற்று. அப்புறம்தான் மூடிய அலமாரிகளை அது பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. நம் பரணுக்கு ஈடாக இங்கே சுவருக்குள் ஆழமான அலமாரிகள் உண்டு. கதவைத் தள்ளினால் மெத்தைகள், கம்பளிகள், கொலு பொம்மைப் பெட்டிகள்! எல்லாவற்றையும் திறந்து காட்டியதும் எண் சரசரவென்று ஏறி எல்லையைத் தாண்டியது. தங்கை பெருமூச்சு விட்டாள்.

சரி, பழைய புத்தக அலமாரியைத் தள்ளிவிடலாம் என்றேன். அடுத்த ஆச்சரியம்! இங்கே பழைய சாமானைத் தூக்கிப்போட நாம்தான் காசு கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, ஏசி நான்குக்கும் 2001-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, மறுசுழற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் எடுப்பார்கள். காயலான் கடைக்காரர் தராசோடு வாசலுக்கு வந்து, நமக்குக் காசு கொடுத்து எடுத்துப்போகிற ஊரின் அருமை எனக்கு அந்தப் பனியில் விளங்கிற்று. புத்தக அலமாரியை ஒரு மாணவர் வந்து மகிழ்ச்சியோடு சுமந்துபோனார். எண் எல்லைக்குள் இறங்கியது.

புறப்படும் நாள் காலை, வெளியே பனி மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. சொன்ன நிமிடத்துக்கு அழைப்புமணி அடித்தது. மூன்று பேர், வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். நானும் கை கூப்பினேன். பெட்டி தூக்க ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தால், முதலில் கட்டடத்தைப் போர்த்தினார்கள்! லிப்டின் சுவர், கதவு நிலை, நடைபாதை மூலை, எங்கெல்லாம் சாமான் இடிக்குமோ அங்கெல்லாம் நீலநிறத் தகடும் மெத்தையும். பிறகுதான் வீடு. உள்ளே ஒவ்வொரு முறையும் காலணியைக் கழற்றி, வெளியே போகும்போது மாட்டி, அதையும் நடை தடைபடாமல் செய்தார்கள். பனிச்சேறு ஒரு சொட்டு பாயில் விழவில்லை. பீரோ தூக்குகிறவர்கள் ஓடுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். நடக்கவில்லை, ஓடினார்கள்!

ஒவ்வொரு பெட்டியிலும் கட்டம் கட்டமான சதுரக் குறி அச்சிட்ட ஓர் ஒட்டுச்சீட்டு. அதைப் போனால் தொட்டதும் பட்டியலில் அந்த வரி நிறம் மாறும். ஏற்கெனவே கீறல் இருந்தால் உடனே படம் எடுத்து, தங்கையிடம் காட்டி, அந்த வரியோடு சேர்த்துவிடுகிறார்கள். நம்மிடம் கார்பன் வைத்த தாளில் எல்லாச் சாமானுக்கும் பொத்தாம்பொதுவாகப் 'பழையது, கீறல் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். உடைந்தால் யார் உடைத்தது என்று கடைசிவரை தெரியாது. இங்கே சாமான் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் சேதத்தைச் சொன்னால் கேட்டாக வேண்டும் என்று பொது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தப் படங்கள் இரண்டு தரப்புக்கும் சாட்சி. தூக்குகிறவர் மேல் வீண்பழி விழாது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

குழுத் தலைவருக்கு அறுபது வயது இருக்கலாம். இடைவேளையில் சூடான டீ கொடுத்தோம். தங்கை மொழிபெயர்க்க, அவரைப் பேசவைத்தேன். முன்பெல்லாம் மார்ச் வந்தால் மதிப்பிடுகிறவர் தாளும் அளவுநாடாவுமாக, பனியில், ஒரு நாளைக்கு ஆறேழு வீடு ஏறி இறங்குவாராம். கடைசி வீட்டுக்குப் போகும்போது இரவாகிவிடும், களைப்பில் ஓர் அலமாரி விட்டுப்போகும், மறுநாள் அந்தத் தப்பின் பாரம் தூக்குகிறவன் முதுகில் ஏறும். "இப்ப எவ்வளவு சாமான்னு தெரிஞ்சு வர்றோம். எத்தனை பேர் வேணும்னு தெரிஞ்சு வர்றோம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்தது. ஆனால் அவர் கன மீட்டரில் யோசிப்பதில்லை. பழைய ஜப்பானிய அளவான 'சாய்', ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரம், அதில்தான் அவர் கண் அளக்கிறது. ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 650 சாய். திரையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், "மேலே ஒரு கை இடம் மிஞ்சும்" என்றார்.

அந்தக் கண்ணுக்குத்தான் கிரைண்டர் அகப்பட்டது. 'குக்கர்' என்று எழுதியிருந்த பெட்டியை ஓர் இளைஞர் சாதாரணமாகத் தூக்கப்போய், பாதியில் நிறுத்திவிட்டார். தலைவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். அரிசியும் உளுந்தும் அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவைத்து, காலையில் ஆவியில் வேகவைப்போம் என்று தங்கை விளக்கினாள். "கல்லா! மோட்டாரில் சுற்றும் கல்லா!" என்று அவர் வியந்த வியப்பு இருக்கிறதே, பனிக்குவியலைப் பார்த்து நான் வியந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. உருளைகளைத் தனியே துணியில் சுற்றி, பாத்திரத்துக்கு உள்ளும் புறமும் காகிதம் திணித்து, புதிய பெட்டியில் இறக்கினார். செயலியில் 'குக்கர்' என்பதை அழித்துவிட்டு, "பெயர் சொல்லுங்கள்" என்றார். தங்கை சொல்ல, ஜப்பானியக் கட்டகானா எழுத்தில் 'கிரைண்டர்' ஏறியது. எடை, 'கல், கீழே வைக்கவும்' என்ற குறிப்பு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படங்கள். இப்படித் திருத்தியவை நிறுவனத்துக்குப் போகுமாம், அடுத்து இயந்திரத்துக்குக் கற்றுத்தரும்போது அவையும் சேருமாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மதியத்துக்குள் வீடு காலி. கடைசியாகக் கணப்பை அணைத்து, குழாய்களிலிருந்த தண்ணீரை முழுக்க வடித்துவிட்டாள் தங்கை. இல்லாவிட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடுமாம்! சரக்குப்பெட்டியின் கதவு சாத்தப்படும்போது எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு கை இடம் மிஞ்சியிருந்தது.

நாங்கள் ரயிலில் தெற்கே கிளம்பினோம். ஹொக்கைடோவையும் பெரிய தீவையும் இணைப்பது செய்கான் சுரங்கம், 53.85 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு 240 மீட்டர் கீழே! 1954-ல் புயலில் டோயா மாரு என்னும் பயணிக்கப்பல் மூழ்கி ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் இதைத் தோண்டியே தீர வேண்டும் என்ற உறுதி பிறந்தது. 1988-ல் திறந்தார்கள். அதிவேக ரயிலுக்கு அகலத் தண்டவாளம், சரக்கு ரயிலுக்குக் குறுகல் என்பதால் மூன்றாவது தண்டவாளம் போட்டு இரண்டையும் ஒரே குகையில் ஓட்டுகிறார்கள். சரக்கு ரயிலைக் கடக்கும்போது அசைவு வரக்கூடாதென்று நம் ரயில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெங்காய மூட்டைகளுக்கு மரியாதை செய்யும் அதிவேக ரயில்! காது அடைக்க, ஜன்னலில் இருட்டு ஓட, தங்கை மகள் சொன்னாள்: "நம்ம கிரைண்டரும் இப்படித்தான் வரும், இல்ல பெரியம்மா?"

ட்சுகுபாவில் பனி இல்லை. செர்ரி மொட்டுகள் வெடிக்கக் காத்திருந்தன, காற்றில் ஈரமண் வாசனை. புது வீட்டில் முதல் வேலையாகப் பால் காய்ச்சினோம். அண்டை வீட்டாருக்குச் சின்னத் துண்டோ, பலகாரமோ, பக்வீட் நூடுல்ஸோ கொண்டுபோய்க் கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது இங்கே வழக்கம். தங்கை மைசூர்பாகு செய்து எடுத்துப்போனாள். பெட்டி வந்து சேர்ந்தபோது வேறு மூன்று பேர், அதே வணக்கம், அதே நீலத் தகடுகள். சீட்டுகளைப் போன் தொடத்தொட, திரையில் மிச்ச எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கிரைண்டர் பெட்டி வந்ததும் அவர்களில் இளையவர் திரையிலிருந்த பெயரைத் தட்டுத்தடுமாறிப் படித்து, இரண்டு கையாலும் கீழே வைத்தார்.

மிச்சம் பூஜ்யமானது. தங்கை கையெழுத்துப் போட்டாள். குத்துவிளக்கும் இன்னும் 'தரையில் நிற்கும் விளக்கு' என்றே இருப்பதை நான் காட்டினேன். அந்த இளைஞர் சிரித்து, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், தங்கை பிரித்த பெட்டிகளுக்குள் குனிந்துவிட்டாள். விளக்கு வந்தது, இட்லிப் பானை வந்தது, இடியாப்ப உரல் வந்தது. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அவர் நாலு பக்கமும் படம் எடுக்க, தங்கை மகள் ஒவ்வொன்றின் பெயரையும் அவருக்கு ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். "அக்கா, அரிவாள்மனை எந்தப் பெட்டியில வச்சோம்? அதையும் காட்டணும்" என்றாள் தங்கை. நான் அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழித்தேன்.